என் முன்னாடியே சொல்லு

தம்பி வீட்டுக்குள் வரும்போது நான் முதலில் கேட்பது சாவிக்கொத்தின் சத்தம். மேசைமேல் மெதுவாக வைத்தால் பயமில்லை. வீசினால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சத்தமே வராமல், அவன் கூடத்தில் நின்றுகொண்டிருப்பது மட்டும் தெரிந்தால், நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்துவிடுவேன். தூங்குபவளை அவன் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை.

ஒரு பெரிய தொழிற்சாலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். 'ஹலோ' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு வரும். எதிர்முனையில் இருப்பவர் கோபமாக இருக்கிறாரா, அழுதுவிட்டு வந்திருக்கிறாரா, பொய் சொல்லப் போகிறாரா என்பதெல்லாம் அந்த மூச்சிலேயே இருக்கும். முதுகெலும்பில் கட்டி வந்து, அதை எடுத்த பிறகு, இடுப்புக்குக் கீழே உடம்பு எனக்கு இல்லாமல் போயிற்று. வேலையும் போயிற்று. காது மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

என் அறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் ஒரு குழாய், குழாயைச் சுற்றிப் பச்சைப் பாசி. சக்கர நாற்காலி கூடத்தில் இருக்கிறது. அதன்மேல் துணி காய்கிறது. என் செல்போனைச் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று தம்பி எடுத்துக்கொண்டு போனான். அது எங்கே என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் ஏறல அக்கா," என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் தண்ணீர் பாட்டில். யார் வந்து பார்த்தாலும் பாட்டில் நிறைந்திருக்கும். ஆட்கள் போனதும் தம்பி அந்த ஸ்டூலைக் காலால் ஒரு தள்ளு தள்ளுவான். அதிகமில்லை, ஒரு சாண். அதை எட்ட என் கை இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்திருக்க வேண்டும்.

"தண்ணி குடிச்சா என்ன ஆகும்? மாத்தணும். யாரு மாத்துறது? நீயா?" என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான். கணக்கு வாத்தியார் கரும்பலகையைக் காட்டிக் கேட்பதுபோலத்தான் கேட்பான். கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

அவன் அலுத்துப் போயிருந்தான் என்பது எனக்குத் தெரியும். டைல்ஸ் கடையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள அதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறான். அவன் மனைவி பேக்கரியில் பில் போடப் போகிறாள். அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. நான்தான் போட்டுவிட்டேன். தெருவில் யாராவது மிரட்டினால் ஓடிவந்து என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இதையெல்லாம் நான் நினைத்துப் பார்ப்பது அவனுக்காகப் பரிதாபப்படுவதற்கு அல்ல. பயப்படும்போது மனம் எங்கேயாவது ஓடி ஒளிய இடம் தேடுகிறது. எனக்கு அந்த இடமும் அவனாகவே இருந்தது.

வெளியே அவனுக்கு நல்ல பெயர். "இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்," என்று எதிர்வீட்டு டெய்லர் என் அறை வாசலில் நின்றே சொன்னார்.

"எங்க அக்கா மகாராணி சார். படுத்துக்கிட்டே ராஜ்ஜியம் நடத்துறாங்க. நான் வெறும் சேவகன்," என்றான் தம்பி.

டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார். நகைச்சுவையாகப் பேசுகிறவன் வீட்டுக்குள் கொடுமை செய்வான் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கே சில சமயம் தோன்றுவதில்லை. ஸ்டூல் நகரும் சத்தம் கேட்கும்வரை.

வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, நர்ஸ் வருவார். என் முதுகுக்குக் கீழே ஒரு படுக்கைப்புண். அதற்கு மருந்து வைத்துக் கட்டுவது அவர் வேலை. அந்தப் புண்ணை நான் பார்த்ததில்லை. அது வலித்ததும் இல்லை. மற்றவர்களின் முகத்தை வைத்தும் அறையின் நாற்றத்தை வைத்தும்தான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். நர்ஸுக்கு நல்ல கனத்த குரல். வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி. எனக்குள் அவருக்கு வெண்கலம் என்று பெயர் வைத்திருந்தேன். வெண்கலம் நல்லவர். தெருமுனையில் வரும்போதே அவர் வருவது தெரிந்துவிடும். எனக்கு ஒரு தைரியம் வரும்.

தம்பி அவருக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பஞ்சு எடுத்துக் கொடுப்பான். கத்தரிக்கோல் கொடுப்பான். "தம்பி, நீங்க நர்ஸிங் படிச்சிருக்கலாம்," என்பார் வெண்கலம். அவன் ஒரு நிமிடம்கூட அறையை விட்டுப் போனதில்லை.

ஒருநாள் போனான். வாசலில் கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. அவன் குரல் வாசலில் கேட்டதும் நான் வெண்கலத்தின் கையைப் பிடித்தேன்.

"தண்ணி தர்றதில்ல," என்றேன். "ஈரத்தோட விட்டுடறான்."

இரண்டே வாக்கியம். அவ்வளவு நாளும் மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தவை. வெளியே வந்தபோது யாரோ சொன்னதுபோல இருந்தது. வெண்கலம் என்னைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "அப்படியா அக்கா? நான் கேக்கறேன்," என்றார்.

கேட்டார். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போயிற்று. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய், அந்தக் கனத்த குரலில், ஒரு தாய் பிள்ளையைச் செல்லமாகக் கண்டிப்பதுபோலக் கேட்டார்.

"என்ன தம்பி, அக்கா உங்க மேல கம்ப்ளெயிண்ட் சொல்றாங்க. தண்ணி குடுக்கறதில்லையாமே?"

நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கூடத்தில் சத்தமில்லை. ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை அவன் பிறந்ததிலிருந்து நான் அறிவேன்.

பிறகு அவன் சிரித்தான். "அய்யோ சிஸ்டர், வாங்க, நேர்லயே கேட்டுடலாம்."

இருவரும் உள்ளே வந்தார்கள். எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். பிள்ளைகளில் யாராவது யாரைப் பற்றியாவது குறை சொன்னால், இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துவார். 'முதுகுக்குப் பின்னால பேசறவன் திருடன். எதுவா இருந்தாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லு' என்பார். அதை அவர் நியாயம் என்று நினைத்தார். எங்கள் வீட்டில் அது வேதவாக்கு. பயப்படாதவர்களுக்கு மட்டும்தான் அது நியாயம் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். "அக்கா, அப்பா என்ன சொல்வார்? எதுவா இருந்தாலும் என் முன்னாடியே சொல்லு. நான் தண்ணி தர்றதில்லையா?"

ஸ்டூல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாட்டில் நிறைந்திருந்தது.

"தர்றான்," என்றேன்.

"பாத்தீங்களா?" என்றான் வெண்கலத்திடம்.

வெண்கலம் நிம்மதியாகச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல குடும்பத்துக்குள் சின்ன மனஸ்தாபம், பேசித் தீர்த்து வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பார். அவருடைய செருப்புச் சத்தம் தெருவில் குறைந்துகொண்டே போய், இல்லாமல் ஆனது.

தம்பி வாசற்கதவைச் சாத்தினான். டிவியைப் போட்டான். சத்தத்தைக் கூட்டினான். பிறகு ஒரு பெரிய ஜக்கும் டம்ளருமாக உள்ளே வந்தான்.

"தண்ணி கேட்டியாமே. குடி."

குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது. முதல் டம்ளர் உண்மையிலேயே இனித்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதையும் குடித்தேன். மூன்றாவதை வேண்டாம் என்றேன்.

"ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப வேண்டாமா? குடி."

என் மேல்கையைப் பிடித்து நிமிர்த்தினான். விரல்கள் உள்ளே இறங்கின. டம்ளரின் விளிம்பு பல்லில் மோதியது. தண்ணீர் மூக்கில் ஏறியது, கழுத்தில் வழிந்தது. நான் இருமும்போது நிறுத்தினான். இருமி முடித்ததும் மறுபடி ஊற்றினான். அவன் கத்தவே இல்லை. டிவியில் யாரோ துணி சோப்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜக்கு காலியானதும் டம்ளரை அதற்குள் கவிழ்த்து வைத்தான்.

"இனிமே தர்றதில்லன்னு சொல்லாதே," என்றான். வெளியே போய்க் கதவைத் தாழிட்டான்.

அவ்வளவு தண்ணீரும் தன் வழியில் வெளியே வந்தது. இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஈரம் மெத்தையில் மேலே ஏறி, உணர்ச்சி உள்ள முதுகைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. முதலில் சூடு. அப்புறம் குளிர். பக்கத்து வீட்டுச் சுவரில் வெயில் ஏறி, மஞ்சளாகி, போய்விட்டது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கதவு திறக்கும். கதவு திறப்பதைவிட ஈரம் பரவாயில்லை என்றிருந்தது.

சாயங்காலம் அவன் மனைவி வந்துதான் மாற்றினாள். பேக்கரி உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. மூக்கைப் பொத்தாமல், முகத்தைச் சுளிக்காமல், வேகமாகச் செய்தாள். பிறகு என் மேல்கையைப் பார்த்தாள். சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிட்டாள்.

"ஏன் அண்ணி வெளியாள்கிட்ட சொன்னீங்க?" குரலை இறக்கிக் கேட்டாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

 ஈரத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.  கூடத்தில் அவன் செருமினான். அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அதைப் பார்த்த பிறகு நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் தம்பி அன்பாக இருந்தான். அதுதான் என்னை அதிகமாக நடுங்க வைத்தது. தலை வாரிவிட்டான். சின்ன வயதுக் கதையெல்லாம் பேசினான். ஒருநாள் என் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்:

"அக்கா, உனக்கு இப்பல்லாம் ஞாபகம் தடுமாறுது. சிஸ்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். பாவம், வயசு ஆகலையேன்னு அவங்களும் வருத்தப்பட்டாங்க."

"எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க," என்றான்.

அன்றிலிருந்து நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். பழைய எக்ஸ்டென்ஷன் எண்கள். மேனேஜர் அறை, ஸ்டோர், கேட், கேன்டீன். எல்லாம் வந்தது. ஆனாலும் அவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், நடுவில் ஏதாவது ஒரு எண் வரச் சற்றுத் தாமதித்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவன் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? நான் கேட்டதெல்லாம், என் கையில் பதிந்ததெல்லாம், நானே கற்பித்துக்கொண்டவையாக இருந்துவிட்டால்? சட்டைக் கையை விலக்கி அந்த நீலத்தைப் பார்த்துக்கொள்வேன். அது மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மறைவதற்குள் யாராவது வர வேண்டும் என்றிருந்தது. வந்தால் என்ன சொல்வேன் என்றும் பயமாக இருந்தது.

வெண்கலம் வந்தார். தெருமுனையிலேயே குரல் கேட்டது. ஆனால் அறைக்குள் வந்ததும் அந்தக் குரல் மாறிவிட்டது. குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

"அக்கா... நல்லா... இருக்கீங்களா? நான் யாருன்னு தெரியுதா?"

"நர்ஸ்," என்றேன்.

"வெரி குட். இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்?"

தம்பி கால்மாட்டில் தட்டோடு நின்றான்.  நாள்காட்டி இல்லாத அறை. எல்லா நாளும் அதே சுவர், அதே குழாய். ஆனால் எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும். இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் மற்றதையும் நம்புவார்கள்.

"செவ்வாய்க்கிழமை," என்றேன், உறுதியாக.

தம்பி மெதுவாகச் சிரித்தான். பரிதாபப்படுவதுபோலத் தலையை ஆட்டினான். "பாருங்க சிஸ்டர். வெள்ளிக்கிழமைங்கறதுகூட மறந்துபோச்சு."

எனக்குள் ஏதோ சரிந்தது. வெள்ளிக்கிழமை. நான் இனி எதைச் சொன்னாலும் அது செவ்வாய்க்கிழமை என்று சொன்னவளின் பேச்சுதான். கூரையைப் பார்த்தேன். கண்ணின் ஓரத்தில் நீர் காதுக்குள் இறங்கியது.

வெண்கலம் என் பக்கம் குனிந்தார். "ஏன் அக்கா செவ்வாய்ன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். இம்முறை சொற்களை நிறுத்தாமல் கேட்டார்.

"நீங்க வந்திருக்கீங்களே."

அறையில் சத்தமில்லை. நான் எத்தனையோ மௌனங்களைக் கேட்டிருக்கிறேன். லைன் செத்துப்போன மௌனம் ஒன்று. எதிர்முனையில் ஆள் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது வேறு. இது இரண்டாவது. நான் அவருடைய மூச்சைக் கவனித்தேன்.

"செவ்வாய்க்கிழமைதான் நான் வர்ற நாள்," என்றார் வெண்கலம், தம்பியைப் பார்க்காமல். "நீங்கதான் போன் பண்ணி, வீட்டுல ஆள் இல்ல, வெள்ளிக்கிழமை வாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா, அன்னைக்கு ஒரு வேலை."

"அக்கா கணக்கு சரிதான்," என்றார்.

பிறகு என்னைப் புரட்டினார். கட்டைப் பிரித்தார். அந்த நாற்றம் எழுந்தது. எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வேலை செய்பவர். தன் மருமகளைப் பற்றி, பஸ்ஸில் நடந்த சண்டையைப் பற்றி. அன்று பேசவில்லை. அவருடைய கை என் முதுகில், உணர்ச்சி தொடங்கும் இடத்தில், அசையாமல் இருந்தது. பிறகு நகர்ந்து என் மேல்கைக்கு வந்தது. சட்டையை விலக்கியது. ஒரு விரல், மஞ்சளாகிப்போன ஒவ்வொரு விரல் தடத்தின்மேலும் மெல்ல வந்து நின்றது. அவர் எதையோ பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் வெந்நீர் கொண்டு வாங்க."

"பிளாஸ்க்குல இருக்கு சிஸ்டர், இதோ."

"இந்த ஆயின்மென்ட் போதாது. மருந்துக்கடையில..."

"அதுவும் வாங்கி வச்சிட்டேன். போன தடவை நீங்க எழுதிக் குடுத்தது எல்லாமே ரெண்டு ரெண்டு." தம்பியின் குரலில் பெருமை இருந்தது. பெருமைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

வெண்கலம் கையுறையைக் கழற்றினார். "சரி, சுத்தி வளைக்க எனக்கு வராது. நான் அக்காகூடத் தனியாப் பேசணும். நீங்க வெளியில இருங்க."

"எதுக்கு? எங்க வீட்டுல எதுவா இருந்தாலும் நேருக்கு நேர்தான் சிஸ்டர். அப்பா காலத்துலேர்ந்து."

"அது உங்க வீட்டுப் பழக்கம். என் வேலைக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு. போன தடவை அதை மீறிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போனான். கதவை வெண்கலமே சாத்தினார். கதவுக்கடியில் வெளிச்சக் கோடு ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் இரண்டு கறுப்பு. அவன் கால்கள்.

நான் அவற்றைக் காட்டினேன். வெண்கலம் பார்த்தார். என் காதருகே குனிந்தார். அந்தக் குரலால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அவர் முன்னாடி வச்சு உங்களைக் கேட்டது என் தப்பு. அதனாலதானே இது?"

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். ஆனால் நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இவர் பையை எடுத்துக்கொண்டு போவார். செருப்புச் சத்தம் தெருவில் குறையும். டிவி சத்தம் கூடும். அதற்குப் பிறகு நான் இருப்பேன், அவன் இருப்பான்.

"நீங்க போன பிறகு?" என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வெண்கலத்தின் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

"நான் போகல," என்றார். "இந்தப் புண்ணுக்கு இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்தாகணும். அது பொய் இல்ல. உங்ககூட நானும் வண்டியில வர்றேன். அங்க இந்த மாதிரி விஷயத்தைப் பார்க்கறதுக்குன்னே ஆள் இருக்காங்க. அவங்களும் உங்களைத் தனியாத்தான் கேப்பாங்க. நீங்க வரச் சம்மதமா?"

என்னை ஒருவர் சம்மதம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தலையை ஆட்டினேன். ஆட்டிய உடனேயே பயம் இரட்டிப்பானது. இதுவரை நான் சொன்னதையே மறுத்தவள். இப்போது சொல்லிவிட்டவள்.

அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அறைக்குள் நின்றபடியே போன் பேசினார். தன் அலுவலகத்தில் ஒருவரிடம், பிறகு ஆம்புலன்ஸுக்கு. தம்பி உள்ளே வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். வண்டி வரும்வரை அப்படியே இருந்தோம். வெண்கலம் என் கால்மாட்டில். அவன் தலைமாட்டில். அவன் கை என் நெற்றிமேல்.

"சிஸ்டர் என்னமோ நினைச்சுக்கிட்டாங்க அக்கா," என்றான். குரல் உடைந்திருந்தது. "நான் வேலையை விட்டேன். உனக்காகத்தானே? நான் உன்னை என்ன பண்ணினேன்? சொல்லு. என் முன்னாடியே சொல்லு."

அவன் அழுதான். அது பொய்யழுகை இல்லை. அவன் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது. சின்ன வயதில் அவன் அழுதால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்ய என் கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது. வாயில் வார்த்தை திரண்டது. 'ஒண்ணும் பண்ணல' என்ற வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். வண்டி வேண்டாம். தெருவில் ஆட்கள் கூட மாட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

"அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல," என்றார் வெண்கலம்.

"நான் எங்க அக்காகிட்ட பேசறேன்."

"பேசுங்க. அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல."

நான் பதில் சொல்லவில்லை. நெற்றிமேல் இருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போனது.

ஸ்ட்ரெச்சரில் வாசலைத் தாண்டியபோது கண் கூசியது. வானம் இவ்வளவு பெரியது என்பதை மறந்திருந்தேன். எதிர்வீட்டு டெய்லர் கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தார். இன்னும் சில பேர் கூடிவிட்டார்கள்.

"என்னாச்சு தம்பி?"

"புண்ணு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு சார். நான்தான் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடலாம்னு..."

"நீ இருக்கும்போது அவங்களுக்கு என்ன கவலை?" என்றார் டெய்லர்.

என்னை வண்டிக்குள் ஏற்றினார்கள். "என் கண்ணாடி," என்றேன். வெண்கலம், "என் மருந்துப் பையும் உள்ளதான் இருக்கு. இதோ வந்துட்டேன், ஒரே நிமிஷம்," என்று வீட்டுக்குள் திரும்பி ஓடினார். அந்த ஒரு நிமிடத்தில் தம்பி வண்டியின் படியில் கால் வைத்தான். ஒரு கை கதவில். உள்ளே குனிந்தான்.

டிரைவர் புதிய ஆள். அவருக்கு எதுவும் தெரியாது. "கூட வர்றது நீங்கதானா? ஏறுங்க, கதவைச் சாத்தணும்," என்றார்.

"நான்தான். தம்பி," என்றான்.

வீட்டு வாசலைப் பார்த்தேன். வெண்கலத்தைக் காணவில்லை. டெய்லர் நின்றார். மற்றவர்கள் நின்றார்கள். எல்லோருக்கும் என் தம்பியைப் பிடிக்கும்.

"வேண்டாம்," என்றேன்.

குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. டிரைவர், "என்னம்மா?" என்று குனிந்தார்.

"அக்காவுக்கு மனசு சரியில்ல சார்," என்றான் தம்பி. "கிழமைகூடத் தெரியாது. நீங்க வண்டிய எடுங்க."

அவன் உள்ளே ஒரு கால் வைத்துவிட்டான். வண்டி அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தது. என்னைப் பார்த்தான். நேருக்கு நேர்.

"இவன் என்கூட வர வேண்டாம்," என்றேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இந்த முறை குரல் வந்தது. தெருவில் பேச்சு நின்றது.

டிரைவர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவர் யாரும்மா?"

"என் தம்பி."

"கூட வரட்டுமா, வேண்டாமா?"

முதல் தடவை வாய்தவறி வந்ததுபோல வந்துவிடலாம். இரண்டாவது தடவை அப்படி இல்லை.  

"வேண்டாம். எனக்கு இவன்கிட்ட பயம்."

தம்பி அசையவில்லை. சிரிக்கவும் இல்லை. டிரைவர், "சார், கீழ இறங்குங்க," என்றார். இன்னொரு முறை சொன்ன பிறகுதான் அவன் காலை எடுத்தான். அதற்குள் வெண்கலம் மூச்சு வாங்க ஓடிவந்து, அவனுக்கும் எனக்கும் நடுவில் புகுந்து ஏறினார். அவருடைய பருத்த உடம்பு வாசலை அடைத்துக்கொண்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே அவன் சொல்வது கேட்டது:

"சரி அக்கா. அங்க வந்து பார்த்துக்கறேன்."

வண்டி நகர்ந்தது. வெண்கலம் என் கண்ணாடியை முந்தானையில் துடைத்து எனக்குப் போட்டுவிட்டார். என் உடம்பின் மேல்பாதி நடுங்கிக்கொண்டே இருந்தது. கீழ்ப்பாதி ஒன்றும் தெரியாமல் கிடந்தது.

"பார்க்கற நேரத்துல வந்துடுவானே?" என்றேன்.

"வந்தா வார்டு வாசல்லயே நிறுத்திடுவாங்க. நான் சொல்லி வைக்கறேன்."

"நீங்க எப்பவும் அங்க இருக்க மாட்டீங்களே?"

"டியூட்டியில இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

"அவங்க டியூட்டி முடிஞ்சு போனா?"

"அடுத்து வர்றவங்ககிட்ட அவங்க சொல்வாங்க."

"அவன் நல்லாப் பேசுவான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவங்களுக்கும் பிடிச்சுப் போயிடும்."

"எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு," என்றார் வெண்கலம்.

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. நான் மறுபடி கேட்டேன். அந்த வார்டுக்கு எத்தனை வாசல் என்று கேட்டேன். பின்பக்கம் வழி உண்டா என்று கேட்டேன். அவன் மனைவி வீட்டில் தனியாக இருப்பாளே, அவளை யார் கேட்பார்கள் என்று கேட்டேன். தெரிந்ததற்கு அவர் பதில் சொன்னார். தெரியாததற்கு, "விசாரிச்சுச் சொல்றேன்," என்றார். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வண்டி திரும்பும்போதும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.